பட்டியலில் விடுபட்ட எண்

சீனிவாச இராமானுஜனின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவில் எழுவது 1729 என்னும் எண்ணாகும். இங்கிலாந்தில் நோயுற்றுப் படுத்திருந்த அவரைக் காணச் சென்ற பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறி வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றும் கூறினார். இரண்டு கனங்களின் கூட்டலாக இருவேறு வகையில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என்று இராமானுஜன் உடனே மறுமொழி தந்தார். இந்நிகழ்ச்சி பள்ளி விழாக்களிலும் மேடைகளிலும் பன்முறை எடுத்துரைக்கப்படுகிறது. கேட்போர் வியக்கின்றனர், கைதட்டுகின்றனர், வியப்போடு காரியம் முடிந்துவிடுகிறது.

அதே மேதையின் ஆராய்ச்சியோடு தொடர்புடைய மற்றோர் எண் உண்டு. அது 2,93,31,86,25,600. எழுத்தால் கூறின், இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. இராமானுஜன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் அட்டவணையில் இவ்வெண் இடம் பெற்றிருக்க வேண்டும். ஆனால் இடம் பெறவில்லை. கணக்கிட்ட கை தவறவிட்ட எண் இது. 1729ஐ மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர், இவ்விடுபட்ட எண்ணையும் சொல்லுதல் வேண்டும் என்பதும், களத்தில் பதிவேடு எழுதும் ஊழியருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

மாங்கன்றும் வகுத்தியும்

இவ்வெண்ணின் இயல்பை அறிய உயர்தரக் கணிதம் வேண்டுவதில்லை. சித்தூர் வட்டாரம் மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே கங்காதர நெல்லூரை அடுத்த ஒரு சிற்றூரில் உழவர் ஒருவரிடம் 60 மாங்கன்றுகள் உள்ளன எனக் கொள்க. வரிசைக்கு வரிசை கன்றுகளின் எண்ணிக்கை குறையாமல் அவற்றை நடுவதற்குப் பல வழிகள் உண்டு. வரிசை ஒன்றாக இருக்கலாம்; 2, 3, 4, 5, 6 ஆகவும் இருக்கலாம்; 10, 12, 15, 20, 30, 60 ஆகவும் இருக்கலாம். ஆகப் பன்னிரண்டு வழிகள். நிலம் நீண்டதாயினும் சதுரத்தை ஒட்டியதாயினும் அதற்கேற்ற ஒரு வழி கிடைத்துவிடும். ஒரு கன்று பட்டுப்போய் 59 மிஞ்சினால் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. கன்றுகள் அனைத்தையும் ஒரே வரிசையாக நடலாம். அல்லது வரிசைக்கு ஒரு கன்றாக நடலாம். வேறு வழியில்லை.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்ணை அதன் வகுத்தி என்பர். 60க்கு 12 வகுத்திகள். 59க்கு இரண்டே வகுத்திகள். 60ஐ விடச் சிறிய எண்களில் எதற்கும் 12 வகுத்திகள் இல்லை. அவற்றுள் மிகுதியானது 48க்குள்ள 10 வகுத்திகளே. இவ்வாறு, தன்னிற் சிறிய எல்லா எண்களைக் காட்டிலும் மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்ணுக்கு இராமானுஜன் தனியே ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் அதனை மிகுபகு எண் எனலாம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என அவ்வரிசை தொடங்குகிறது.

இவ்வெண்களுள் பல, கணித நூல் தோன்றுவதற்கு முன்னரே மக்கள் வழக்கில் இடம் பெற்றுவிட்டன. ஒரு டஜனுக்கு 12. ஒரு நாளுக்கு 24 மணி. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி. ஆண்டு வட்டத்துக்கு 60 பெயர்கள். வட்டத்துக்கு 360 பாகை. பங்கிடுவதற்கு எளிதான எண்களை வணிகரும் வானநூலாரும் நாடினர். ஒரு ரூபாய்க்கு 16 அணாவும், ஓர் அணாவுக்கு 12 தம்பிடியும் வழங்கிய காலத்தில் ரூபாய்க்கு 192 தம்பிடி. மூவர் பங்கிட்டால் ஆளுக்கு 64 தம்பிடி மீதியின்றிக் கிடைத்தது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் வந்தபின் 100 காசுகளை மூவர் சரியாகப் பங்கிட இயலவில்லை. தசம முறையால் விளைந்த நன்மைகள் பெரியவை. எனினும் இவ்வொரு வசதி குறைந்தது உண்மை. பழந்தமிழ்ப் பின்ன வாய்பாட்டிலும் இத்தகைய குறை ஒன்று இருந்தது. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. 320ஐ மூன்றால் வகுக்க இயலாது. ஆகவே கால், அரை, மா, காணி, முந்திரி ஆகியவற்றை எத்துணை கூட்டினும் மூன்றில் ஒரு பங்கு சரியாக அமைவதில்லை.

வகுத்திகளை எண்ணும் முறை

வகுத்திகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்து எண்ணத் தேவையில்லை. எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் போதும். 60 என்பது 2, 2, 3, 5 ஆகியவற்றின் பெருக்கற்பலன். அதன் வகுத்தி ஒன்றை அமைக்கும்போது 2ஐ எடுக்காமல் விடலாம், ஒரு முறை எடுக்கலாம், அல்லது இரு முறை எடுக்கலாம். இது மூன்று வழி. 3ஐ எடுக்கலாம் அல்லது விடலாம்; இது இரண்டு வழி. 5க்கும் அவ்வாறே இரண்டு வழி. மூன்றையும் இரண்டையும் இரண்டையும் பெருக்க 12 வருகிறது. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதனோடு ஒன்றைக் கூட்டி, கிடைத்தவற்றைப் பெருக்க வேண்டும் என்பதே விதி. எட்டாம் வகுப்பு மாணவர்க்கு இது எளிதில் விளங்கும்.

இவ்விதியிலிருந்து மிகுபகு எண்ணின் உருவத்தையும் ஓரளவு அறியலாம். 70 என்பது 2, 5, 7 இவற்றின் பெருக்கம். அதற்கு 8 வகுத்திகள். இடையிலுள்ள 3ஐத் தாண்டாமல் 2, 3, 5 என எடுத்தால் 30 வருகிறது. அதற்கும் 8 வகுத்திகளே. 30 சிறியதாதலின் 70 மிகுபகு எண் ஆகாது. எனவே இத்தகைய எண்ணில் பகா எண்கள் இடையறாமல் வரிசையாக அமைதல் வேண்டும். மேலும், 18இல் 2 ஒரு முறையும் 3 இரு முறையும் வருகின்றன. 12இல் 2 இரு முறையும் 3 ஒரு முறையும் வருகின்றன. இரண்டுக்கும் 6 வகுத்திகள், 12 சிறியது. ஆகவே சிறிய பகா எண் வரும் தடவை, பெரிய பகா எண் வரும் தடவையிற் குறைதல் ஆகாது. 4, 36 ஆகிய இரண்டு நீங்கலாக, மிகுபகு எண்ணின் இறுதிப் பகா எண் ஒரே முறைதான் வரும் என்பதையும் இராமானுஜன் நிறுவினார்.

இவ்விதிகள் களத்தைச் சுருக்குகின்றன. ஆயினும் முடிவைத் தாமே தந்துவிடுவதில்லை. புதியதொரு பகா எண்ணைச் சேர்ப்பதா, பழைய பகா எண் ஒன்றை இன்னொரு முறை சேர்ப்பதா என்னும் கேள்வி ஒவ்வோர் அடியிலும் எழும். 30க்கு 8 வகுத்திகள். அதனோடு 7ஐச் சேர்த்தால் 210, வகுத்திகள் 16. மாறாக 2ஐ இருமுறை சேர்த்தால் 120. வகுத்திகள் அதே 16. ஈண்டு 120 வெல்லுகிறது. எண்கள் கோடிக்கணக்கில் வளரும்போது இவ்வாறு ஒப்பிட வேண்டிய வேட்பாளர்களின் தொகையும் வளரும். ஒன்றைக்கூட விடாமல் ஒப்பிடுதல் பெரும் உழைப்பு.

1915ஆம் ஆண்டின் அட்டவணை

ஈரோட்டில் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், கல்லூரித் தேர்வில் தேறாமல் பல ஆண்டுகள் இடர்ப்பட்டவர். 1912ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். தாளின் விலை தாங்காமல் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைப்பது அவருடைய வழக்கமாயிருந்தது. 1914ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். மறு ஆண்டே மிகுபகு எண்களைப் பற்றிய நெடுங்கட்டுரை லண்டன் கணிதச் சங்கத்தின் நடவடிக்கை ஏட்டில் வெளிவந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு 1916ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சிவழிப் பட்டம் அளித்தது. தாயகத்தில் தேர்வு மறுத்த பட்டத்தை இந்த எண்கள் பெற்றுத் தந்தன.

இத்துறை கணிதத்தின் பெருவழியினின்று சற்று ஒதுங்கியது என்று சிலர் கருதக்கூடும் என்பதை ஹார்டி ஒப்புக்கொண்டார். எனினும் சமனின்மைகளைக் கையாளுவதில் இராமானுஜன் காட்டிய தேர்ச்சியை அவர் பெரிதும் போற்றினார். கட்டுரையில் நூற்றுக்குச் சற்றே மேற்பட்ட மிகுபகு எண்களின் அட்டவணை ஒன்று உண்டு. அதன் இறுதி எண் 67,46,32,83,88,800. அதற்கு 10,080 வகுத்திகள். மின்னணுக் கணிப்பொறி இல்லாத காலத்தில், பதின்மூன்று இலக்கம் வரையிலான எண்களை ஒப்பிட்டுச் செய்த வேலை அது.

கற்பலகையில் ஒரு நிரூபணம்

அவ்வட்டவணையில் 2,40,94,02,99,600 என்னும் எண்ணை அடுத்து 3,21,25,37,32,800 வருகிறது. முதலாவதில் 2 நான்கு முறை, 3 நான்கு முறை, 5 இரு முறை, பின்னர் 7, 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறை வருகின்றன. ஐந்தை ஐந்தால் பெருக்கி, மூன்றால் பெருக்கி, அதனை ஆறு முறை இரட்டிக்க 4,800 வகுத்திகள் வருகின்றன. இரண்டாவதில் 2 ஆறு முறை, 3 மூன்று முறை, 5 இரு முறை, ஏனைய ஆறு பகா எண்களும் ஒவ்வொரு முறை, வகுத்திகள் 5,376.

இனி விடுபட்ட எண்ணை ஒரு வகுப்பறையில் அமைத்துப் பார்க்கலாம். 8, 9, 5, 7 ஆகிய நான்கையும் பெருக்கினால் 2,520. ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் அது. அதை அதனாலேயே பெருக்கினால் 63,50,400. மற்றொரு புறம் 11, 13, 17, 19 ஆகியவற்றைப் பெருக்கினால் 46,189. இவ்விரண்டையும் பெருக்க வருவது 2,93,31,86,25,600. இதில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரு முறை, 7 இரு முறை, எஞ்சிய நான்கும் ஒவ்வொரு முறை வருகின்றன. ஏழு, ஐந்து, மூன்று, மூன்று இவற்றைப் பெருக்க 315. அதனை நான்கு முறை இரட்டிக்க 5,040. ஆகவே இதன் வகுத்திகள் 5,040.

இவ்வெண் மேற்கூறிய இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அட்டவணையில் அவ்விரண்டும் அடுத்தடுத்தவை எனின், இடையிலுள்ள எந்த எண்ணுக்கும் 4,800க்கு மேற்பட்ட வகுத்திகள் இருத்தல் ஆகாது. இதற்கோ 5,040 உள்ளன. ஆகவே இடையில் ஒரு வரியேனும் விடுபட்டுள்ளது என்பது ஐயமின்றி நிறுவப்பட்டுவிட்டது. நான்கைந்து பெருக்கல்கள் போதும், கணிப்பொறி வேண்டா, அறிஞர் எவருடைய சான்றிதழும் வேண்டா. சிற்றூர்ப் பள்ளி மாணவி ஒருத்தி உலகப் புகழ் பெற்ற ஆராய்ச்சிக் கட்டுரையின் அட்டவணையைத் தன் கையாலேயே சரிபார்த்துவிடலாம். இத்தகைய வாய்ப்பு வகுப்பறைக்கு அடிக்கடி வாய்ப்பதன்று.

இந்த எண்ணின் வேறு சில பண்புகளும் மாணவர்க்குச் சுவை தருவன. 1 முதல் 22 வரையுள்ள ஒவ்வோர் எண்ணும் இதனை மீதியின்றி வகுக்கும், 23 வகுக்காது. இதன் வகுத்திகளின் தொகையாகிய 5,040 என்பதும் ஒரு மிகுபகு எண். அதன் வகுத்திகள் 60. அதுவும் மிகுபகு எண். 60க்கு 12, 12க்கு 6, 6க்கு 4. இவையனைத்தும் அதே இனத்தைச் சேர்ந்தவை. 4க்கு 3 வகுத்திகள். 3 அவ்வினத்தைச் சேராததால் சங்கிலி அங்கே அறுந்துவிடுகிறது. இடையிலுள்ள 5,040, பண்டைக் கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் கற்பனை நகரத்தின் நிலப் பங்குகளுக்கு வகுத்த எண்ணாகும். வரி விதிக்கவும், நிலம் பங்கிடவும், படை பிரிக்கவும் வகுத்திகள் மிக்க எண் ஏற்றது என்பது அவர் கருத்து.

எல்லையில் நிற்கும் எண்

இவ்வெண் விடுபட்டது எவ்வாறு என ஊகிப்பதில் பயனில்லை. ஆனால் அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் காணலாம். அட்டவணையின் அப்பகுதியில் 23 என்னும் பகா எண் புதிதாக நுழைகிறது. அது நுழைந்தவுடன் நிலைபெற்றுவிடுவதில்லை. 23ஐக் கொண்ட எண்களும் கொள்ளாத எண்களும் சிறிது தூரம் மாறி மாறி வருகின்றன. விடுபட்ட எண்ணுக்கு முன்னுள்ள இரண்டிலும் 23 உண்டு. பின்னுள்ளவற்றில் அட்டவணையின் இறுதி வரை ஒவ்வொன்றிலும் 23 உண்டு. விடுபட்ட எண்ணில் மட்டும் அது இல்லை. அதற்கு ஈடாக 7 இருமுறை வருகிறது. பழைய முறையைச் சார்ந்த எண்களுள் கடைசியாக எஞ்சி நின்ற எண் இதுவே.

பதிவேடு எழுதும் கள ஊழியர் இதனை ஊன்றி நோக்குதல் நலம். மழைமானியின் அளவை நாள்தோறும் குறிப்பவர், பயிர் வெட்டிச் சோதனையின் எடையை எழுதுபவர், சங்கிலி கொண்டு புல எல்லையை அளப்பவர் ஆகிய எவருக்கும் நடுப்பகுதியில் பிழை மிகுதியாக நேர்வதில்லை. மாதம் முடிந்து மறுமாதம் தொடங்கும் வரியிலும், பழைய படிவம் போய்ப் புதிய படிவம் வரும் வாரத்திலும், ஒரு கிராமத்தின் எல்லைக்கல் மற்றொன்றின் தொடக்கமாகும் இடத்திலும் பிழை ஒளிந்திருக்கக்கூடும். சரிபார்க்கும் நேரம் குறைவாயின், முதலில் சரிபார்க்கத் தக்கவை அவ்விடங்களே.

பிழை கண்டபின் செய்யத்தக்கது யாது என்பதிலும் ஒரு பாடம் உண்டு. எழுதியதைச் சுரண்டி அழித்து அதன் மேல் எழுதுவது பலரிடமும் காணப்படும் பழக்கம். தவறு வெளித்தெரிந்தால் வேலைத்திறன் குறைவாக மதிக்கப்படும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். ஒரே கோடிட்டு அடித்து, பழைய எண்ணும் படிக்கத்தக்க வகையில் விட்டு, அருகில் திருத்தத்தை எழுதிச் சுருக்கொப்பமும் தேதியும் இடுவதே முறையாகும். திருத்தம் தெரியும் ஏட்டை நம்பலாம். ஆண்டு முழுவதும் ஓர் அடித்தலும் இல்லாத மழைப் பதிவேட்டைக் கண்டால் மேலதிகாரி மகிழ்வதற்கு மாறாக ஐயுற வேண்டும்.

அச்சேறாத பக்கங்கள்

1915ஆம் ஆண்டுக் கட்டுரையில் விடுபட்டது ஓர் எண் மட்டுமன்று. லண்டன் கணிதச் சங்கம் அப்போது பணமுடையில் இருந்தமையால், அச்சுச் செலவைக் குறைக்கும் பொருட்டுக் கட்டுரையின் ஒரு பகுதி அச்சிடப்படாமலே நின்றுவிட்டது. சென்னையில் தாளின்றிக் கற்பலகையில் எழுதியவரை லண்டனிலும் தாளின் செலவே தடுத்தது. அப்பக்கங்களின் கையெழுத்து நகல் 1988ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் பிரெஞ்சுக் கணித அறிஞர்களான ழான் லூயி நிக்கோலா, கீ ரோபன் ஆகிய இருவரும் அவற்றை விளக்கக் குறிப்புகளுடன் 1997ஆம் ஆண்டில் பதிப்பித்தனர்.

அப்பக்கங்களில் இராமானுஜன் வகுத்திகளின் எண்ணிக்கையோடு நில்லாமல் அவற்றின் கூட்டுத்தொகையையும் ஆராய்ந்திருந்தார். அக்கூட்டுத்தொகை எண்ணின் அளவை நோக்க எவ்வளவு பெரிதாகலாம் என்பது வினா. பகா எண்களின் பரவலைப் பற்றி ரீமான் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட கருதுகோள் மெய்யெனக் கொண்டால், போதிய அளவு பெரிய எண்கள் யாவும் ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் அடங்கும் என்பதை அவர் வருவித்திருந்தார். 1984ஆம் ஆண்டில் ரோபன் இதனை மேலும் கூர்மையாக்கினார். 5,040க்கு மேற்பட்ட ஒரு முழு எண்ணேனும் அவ்வரம்பை மீறுமாயின் ரீமானின் கருதுகோள் பொய்; ஒன்றும் மீறாதாயின் அது மெய். இன்றளவும் அவ்வினா தீர்க்கப்படவில்லை. பிளேட்டோவின் எண்ணும், விடுபட்ட எண்ணின் வகுத்தித் தொகையுமாகிய அதே 5,040 இங்கும் எல்லைக்கல்லாக நிற்கிறது. ஒதுங்கிய துறை என்று கருதப்பட்டது கணிதத்தின் பெருவழியிலேயே வந்து சேர்ந்தது. எந்த ஆராய்ச்சி பயனுடையது, எது பயனற்றது என்று முன்கூட்டியே தீர்ப்பளிப்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் தகும்.

இரண்டு ஆட்சேபங்கள்

மேதை ஒருவரின் பிழையைச் சிறுவர்க்குக் காட்டுவது அவரை இழிவுபடுத்துவதாகும் என்று சிலர் கூறலாம். மரியாதையினின்று எழும் ஆட்சேபமாதலின் அதற்கு விடை கூற வேண்டும். விடுபட்ட எண்ணைக் கண்டுபிடிக்க உதவும் கருவி யாது? பகா எண்கள் இடையறாமல் வரவேண்டும், தடவைகள் ஏறாமல் இறங்க வேண்டும் என்னும் விதிகளே. அவற்றை முழுமையாக ஆராய்ந்து வகுத்தவர் இராமானுஜன். அவருடைய விதியே அவருடைய அட்டவணையைத் திருத்துகிறது. ஓர் அறிஞருக்கு இதனினும் உயர்ந்த புகழ் யாது? பின்வந்தோர் தம்மையே சரிபார்க்கத்தக்க அளவுகோலை விட்டுச் சென்றவர் அவர்.

மேலும், இராமானுஜனை அற்புதப் பிறவியாக மட்டுமே காட்டுவதில் ஒரு தீங்கு உண்டு. நாமகிரித் தாயாரின் அருளால் தமக்குச் சூத்திரங்கள் கிட்டின என்று அவர் நம்பினார் என்பர். அந்நம்பிக்கை அவருக்குரியது, அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவன் அற்புதத்தை மட்டும் கேட்டால், கணக்கு தனக்குரியதன்று, அருள் பெற்றோர்க்கே உரியது என்று முடிவு செய்துவிடுவான். இரவு பகலாக எண்களை ஒப்பிட்டு, நூற்றுக்கு மேற்பட்ட வரிகளைச் சரியாக எழுதி, ஒரு வரியைத் தவறவிட்ட உழைப்பாளியின் கதையைக் கேட்டால், அம்மாணவன் தன் கணக்கேட்டின் சிவப்பு மைக் கோட்டைக் கண்டு அஞ்சமாட்டான். ஒரு பிழைக்காகப் பள்ளியை வெறுத்து நின்றுவிடும் பிள்ளைகள் உள்ள நாட்டில் இது சிறிய காரியமன்று.

கணிப்பொறி ஒரு நொடியில் செய்வதைக் கையால் செய்வானேன் என்பது மற்றோர் ஆட்சேபம். இலட்சம் கோடி எண்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க விட்டால் கணிப்பொறியும் நெடுநேரம் உழலும். இராமானுஜனின் விதிக்கு உட்பட்ட வடிவங்களை மட்டும் தேடச் சொன்னால்தான் விரைவில் விடை தரும். விரைவு பொறியினுடையது, வழி மனிதனுடையது. மேலும், விடை சரியா என்று ஐயுறும் பழக்கத்தைப் பொறி கற்பிப்பதில்லை. அப்பழக்கம் கைக்கணக்கிலேயே பிறக்கிறது.

வகுப்பறையில் செய்யத்தக்கது

இதனை நடைமுறைக்குக் கொண்டுவரப் பொருட்செலவு ஏதுமில்லை. கங்காதர நெல்லூர்ப் பகுதியில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே புழங்குகின்றன. ஆயினும் புளியங்கொட்டைக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. ஆறாம் வகுப்பு மாணவர்க்கு ஆளுக்கு 60 புளியங்கொட்டைகள் கொடுத்து, எத்தனை வகையான செவ்வகங்களாக அடுக்கலாம் என்று காணச் செய்யலாம். ஒரு கொட்டையை எடுத்துவிட்டு 59ஐ அடுக்கச் சொன்னால், பகா எண் என்பது யாதென அவர்களே கூறிவிடுவர். எட்டாம் வகுப்பில் வகுத்திகளை எண்ணும் விதியைக் கற்பித்து, 1 முதல் 120 வரை மிகுபகு எண்களின் பட்டியலை மாணவரே தயாரிக்கச் செய்யலாம். ஒருவர் பட்டியலை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். விடுபட்டதைக் கண்டவரை ஆசிரியர் பாராட்ட வேண்டும், விட்டவரைக் கடிந்துகொள்ளல் ஆகாது. உயர்வகுப்பில் மேற்கூறிய பன்னிரண்டு இலக்கப் பெருக்கலைச் செய்து, 1915ஆம் ஆண்டு அட்டவணையின் குறையை நிறுவச் செய்யலாம்.

2012ஆம் ஆண்டு தேசியக் கணித ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 தேசியக் கணித நாளாக விளங்குகிறது. அந்நாளில் படத்துக்கு மாலையிடுவதும் சொற்பொழிவு நிகழ்த்துவதும் தக்கனவே. அவற்றோடு, கரும்பலகையில் 1729 எழுதப்படும் இடத்துக்குக் கீழே 2,93,31,86,25,600 என்பதும் எழுதப்படுமாயின், மாணவர்கள் கைதட்டுவதோடு நில்லாமல் சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்துச் சரிபார்க்கத் தொடங்குவர். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் முப்பத்திரண்டு வயதில் மறைந்த அவர், நோய்ப்படுக்கையிலும் கணக்கை விட்டவர் அல்லர். அவருக்குச் செய்யத்தக்க சிறப்பு அக்கணக்கைத் தொடர்ந்து செய்வதேயாகும்.